ஜெயித்த காரை விட்டுவிட்டு வேனை ஏன் சேர்க்கிறீர்கள்?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி

அண்ணா, நீங்க போட்ட மாடல் வண்டி அலமாரிப் படத்தைப் பார்த்தேன். ரேலி கார் ஆல்பின் ஏ110 ஒன்றே ஒன்று நிக்குது, சுத்தி ரேலி உதவி வேனா நிக்குது. ஜெயிச்சது கார்தானே? சாமான் தூக்கின வண்டியை எதுக்குச் சேர்க்கணும்? அதுவும் எல்லாம் ஒரே அச்சு, பெயின்ட்டையும் எழுத்தையும் மட்டும் மாத்தி மாத்தி விக்கிறாங்க. காசு பிடுங்குற வேலை மாதிரி தெரியுது.

9 ஜனவரி, இரவு

முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அச்சு விஷயம் நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், தனியாக வருகிறேன்.

இப்போதைய கார் ரேலிகளில் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும். கார் அங்கே வந்துதான் பழுது பார்த்துக்கொள்ள வேண்டும். 1990களில்தான் இந்த ஏற்பாடு நிலைபெற்றது. அதற்கு முன்பு சாலையோரத்தில் கிடைத்த இடத்தில் வேனை நிறுத்தி வேலை பார்ப்பார்கள். மான்டே கார்லோ ரேலி என்றால் ஆல்ப்ஸ் மலைப்பாதை, ஜனவரிக் குளிர், நடுராத்திரி. துரினி கணவாய் 1,607 மீட்டர் உயரம். அடிவாரத்தில் தார் காய்ந்து கிடக்கும், உச்சியில் பனி உறைந்திருக்கும். ஆணி டயரா, சாதா டயரா என்று ஒவ்வொரு கட்டத்துக்கு முன்பும் முடிவெடுக்க வேண்டும். அந்த டயர்கள் வேனின் மேல் கேரியரில் இருந்தன. ஜாக்கி, பெட்ரோல் கேன், உதிரி பாகங்கள் எல்லாம் வேனுக்குள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மெதுவாக ஓடும் வேன் வேகமாக ஓடும் காருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான். குறுக்குவழி பிடித்து, தூக்கம் கெட்டு, கார் வரும் நேரத்துக்கு டயரை இறக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். 1972இல் மான்டே கார்லோவில் ஆல்பின் கார்களை கியர்பாக்ஸ் கோளாறு கவிழ்த்தது. அடுத்த ஆண்டே ஓட்டுநர்கள் ஆந்த்ரூவே, ஆன்டர்சன், நிகோலா என்று முதல் மூன்று இடங்களும் ஆல்பினுக்கு. 1973 உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் முதல் ஆண்டு, அந்தப் பட்டமும் பிரான்சின் தியெப் ஊரின் அந்தச் சின்ன நிறுவனத்துக்கே போனது. இது காரால் மட்டும் வந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதனால்தான் என் அலமாரியில் ஒரு காருக்கு இத்தனை வேன்.

10 ஜனவரி

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. ரெனோ எஸ்டாஃபெட் வேன் 1959இல் வந்தபோது அதில் இருந்தது தோஃபீன் காரின் 845 சிசி எஞ்சின். 1962இல் 1,108 சிசி எஞ்சின் வந்தது. பின்னாளில் ரெனோ 8 காரிலும் அதே எஞ்சின் வந்தது. அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் தட்டி முறுக்கப்பட்டு ரெனோ 8 கோர்தினியிலும் ஆரம்பகால ஏ110இலும் உட்கார்ந்தது. பந்தயக் காரும் அதற்கு சாமான் சுமந்த வேனும் எஞ்சின் வழியில் பங்காளிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

12 ஜனவரி

இனி அச்சு விஷயம்.

ஆமாம், உண்மைதான். 1/43 அளவில், அதாவது நிஜ வண்டியில் 43இல் ஒரு பங்கு அளவில், சித்ரோயன் கம்பெனியின் எச் வேனுக்கு ஒரு அச்சு செய்துவிட்டால் அதில் ரொட்டிக்கடை, தீயணைப்பு, தபால், ரேலி உதவி என்று எதை வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். வாராவாரம் பத்திரிகையோடு ஒரு மாடல் தரும் தொடர்கள் வந்த பிறகு இது இன்னும் பெருகியது. அவற்றில் நிஜமாக ஓடிய வண்டிகளும் உண்டு, எவரோ உட்கார்ந்து கற்பனை செய்தவையும் உண்டு. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பெயர் போட்டிருக்கும். பிரித்துப் பார்ப்பது வாங்குகிறவர் வேலை.

நான் பார்ப்பது ஆண்டை. பெட்டியில் எழுதிய ஆண்டும் வண்டியில் தெரியும் ஆண்டும் ஒத்துப்போக வேண்டும்.

எச் வேனையே எடுத்துக்கொள்வோம். 1947இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள், 1981 வரை செய்தார்கள், மொத்தம் சுமார் 4,73,000 வண்டி. 34 வருஷமும் ஒரே முகம் போலத்தான் தெரியும், ஆனால் அப்படி இல்லை. நடுவில் கம்பி வைத்த இரட்டை முன்கண்ணாடி 1964 தொடக்கம் வரைதான், பிறகு ஒற்றைக் கண்ணாடி. கிரில்லில் இருக்கும் சித்ரோயன் சின்னமான இரண்டு கூர்முனைகள் அதுவரை பழைய தராக்சியோன் காரில் இருந்தது போல மெல்லிய நீண்ட பட்டைகள். 1964 கடைசியில் குட்டையான, கூரான வடிவத்துக்கு மாறின. பின் மட்கார்டு அரைவட்டமாக இருந்தது 1969 நவம்பரில் செவ்வகமானது. முன் இண்டிகேட்டர் உள்ளடங்கியதும் அப்போதுதான். "1963 ரேலி" என்று பெட்டி சொல்ல, உள்ளே செவ்வக மட்கார்டு இருந்தால் அதை நான் வாங்க மாட்டேன்.

எழுத்துகளிலும் ஆண்டு இருக்கிறது. எல்ஃப் எண்ணெய் என்ற பெயரே 1967இல்தான் சந்தைக்கு வந்தது. 1966 வேனில் எல்ஃப் ஸ்டிக்கர் இருக்க வழியில்லை. ரெனோவின் கோடு கோடான சாய்சதுரச் சின்னம் ஓவியர் வசரேலி வரைந்தது, 1972. அந்தக் காலத்துப் பிரெஞ்சு நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு இலக்கம் மாவட்டம். தியெப் இருக்கும் சீன்-மரித்திம் 76. ரெனோ தலைமையிடமான பூலோன்-பியாங்கூர் முதலில் சீன் மாவட்டத்தில், அதாவது 75இல் இருந்தது. 1968இல் சீன் மாவட்டத்தைப் பிரித்த பிறகுதான் 92. கோர்சிகா 20ஆக இருந்து 1976இல் 2ஏ, 2பி ஆனது.

இத்தனையும் பத்து செ.மீ. நீள வண்டியில், பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஆனால் ஒருமுறை பழகிவிட்டால் கண் தானாக அங்கேதான் போகும்.

13 ஜனவரி

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "1970 ரேலியில் 1962 மாடல் வேன் நின்றிருக்கக் கூடாதா? அணி பணக்கார அணி இல்லையே."

தாராளமாக நின்றிருக்கலாம். சொல்லப்போனால் அதுதான் அதிகம். புது வேன் வாங்கக் காசு எங்கே? கையில் இருந்த பழைய வேனுக்கு நீலம் அடித்து அனுப்பினார்கள். அதனால் இந்தச் சோதனை ஒரு திசையில்தான் செல்லும். பழையது பின்னால் வரலாம், புதியது முன்னால் வர முடியாது. 75 என்ற பிளேட் 1970இல் ஓடும், 92 என்ற பிளேட் 1966இல் ஓடாது. இரட்டைக் கண்ணாடியோடு எல்ஃப் ஸ்டிக்கர் இருந்தால் சரி, செவ்வக மட்கார்டோடு 1964 ரேலித் தகடு இருந்தால் தவறு.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் விற்கிறவர் சொல்லும் கதை பாதி தேவைப்படாது.

13 ஜனவரி, பிறகு

இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். எச் வேனின் கேபின் கதவு பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் திறப்பது, அது எப்போது மாறியது என்று. பிரான்சில் விற்ற வண்டியில் கடைசிவரை மாறவில்லை. நெதர்லாந்துக்குப் போன வண்டிகளில் மட்டும் 1968 முதல் சாதாரணக் கதவும் கிடைத்தது. எனவே பிரெஞ்சு அணி வேனில் கதவு கைப்பிடி எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பாருங்கள்.

17 ஜனவரி

டெக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலம், அதை ஒட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். எச் வேன் உடம்பு முழுக்க வரி வரியான தகடு. மெல்லிய தகட்டுக்கு வலு கொடுக்க ஜெர்மானிய ஜங்கர்ஸ் விமானத்திலிருந்து எடுத்த யோசனை. நிஜ வண்டிக்கு அது பலம், மாடல் செய்கிறவருக்கு அது சோதனை. தட்டையான டெக்காலை அப்படியே வைத்தால் வரிக்கு வரி பாலம் போட்டு நிற்கும். காய்ந்ததும் அடியில் காற்று நின்று வெள்ளையாகத் தெரியும்.

நான் செய்வது இது. டெக்காலை எழுத்தின் ஓரம் வரை ஒட்ட வெட்டிக்கொள்வேன். பழைய தாளாக இருந்தால் முதலில் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் சுக்குநூறாகிவிடும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், டெக்கால் தாளிலிருந்து வழுகும்வரை காத்திருப்பேன். வண்டியின் பக்கத்தையும் ஈரமாக்கி அதை நகர்த்தி இடம் பார்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் தண்ணீரைத் தள்ளுவேன். அப்புறம் டெக்கால் இளக்கும் திரவம் ஒரு தொடல். இங்கேதான் பயம் வரும். இரண்டு நிமிஷத்தில் எழுத்தெல்லாம் கிழவி கன்னம் போலச் சுருங்கும். தொடவே கூடாது. தொட்டால் கையோடு வந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். காய்ந்து வந்து பார்த்தால் சுருக்கமெல்லாம் போய், ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் எழுத்து இறங்கியிருக்கும். எங்காவது குமிழ் நின்றால் ஊசி நுனியால் ஒரு குத்து, அதன் மேல் மறுபடி திரவம். கடைசியாக மங்கலான வார்னிஷ்.

சரியாக இறங்கிய டெக்கால் மேல் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வரியின் நிழல் எழுத்தின் குறுக்கே விழும். பெயின்டர் கையால் எழுதிய வேன் அப்படித்தான் இருந்திருக்கும். அச்சடித்த மாடல்களில் சிலவற்றில் பள்ளத்துக்குள் மை இறங்காமல் கோடு கோடாக விட்டுப்போயிருக்கும். கடையில் எடுக்கும்போது அதையும் பாருங்கள்.

18 ஜனவரி

ஹெட்லைட் மஞ்சள்! பிரான்சில் 1937இலிருந்து 1993 வரை ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். வெள்ளை விளக்கோடு வரும் வேனுக்குக் ஒளி ஊடுருவும் மஞ்சள் பெயின்ட் ஒரு சொட்டு போதும், வண்டி உடனே அந்த நாட்டுக்குப் போய்விடும்.

25 ஜனவரி

12ஆம் தேதி கற்பனை வேன்களை வாங்க மாட்டேன் என்ற தொனியில் எழுதியிருந்தேன். இன்று அதையே கொஞ்சம் புரட்டிப் பார்க்கிறேன்.

என்னிடம் பழைய டிங்கி டாய்ஸ் எச் வேன் ஒன்று இருக்கிறது, பாரிஸ் பக்கத்து பொபீனி தொழிற்சாலையில் செய்தது. பக்கவாட்டில் சிபியே ஹெட்லைட் விளம்பரம். பெயின்ட் ஓரமெல்லாம் உதிர்ந்து ஈய நிறம் தெரிகிறது, எவனோ ஒரு பையன் தரையில் ஓட்டித் தேய்த்த வண்டி. சிபியே ரேலிக்காரர்களின் உயிர். இரவுப் பந்தயத்தில் அவர்கள் விளக்கும் கருப்புப் பூனைச் சின்னம் போட்ட மார்ஷல் விளக்கும்தான் எதிரெதிர். விளக்கு, டயர், பிளக் கம்பெனிகள் தங்கள் வேனையும் ஆளையும் ரேலிக்கு அனுப்பி, சொந்த அணி இல்லாதவர்களுக்கும் கை கொடுத்தார்கள். இதே டிங்கி வரிசையில் மஸ்டா பல்பு விளம்பரத்தோடு பெஜோ டி3 வேனும் உண்டு. அவை எந்த நிஜ வண்டியின் நகல், பிளேட் என்ன என்றெல்லாம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அன்றைக்குக் கடையில் விற்ற பொம்மை என்பதே அதற்குப் போதுமான சான்று.

ஆகவே என் கணக்கு இப்படி: அந்தக் காலத்துப் பொம்மைக்கு அந்தக் காலமே ஆதாரம். இன்று செய்து "1968 மான்டே கார்லோ" என்று பெட்டியில் எழுதி விற்றால், எழுதியவர் அதற்குப் பொறுப்பு. ரேலி பெயர் போடாமல் அழகான நீல வேன் என்று மட்டும் விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அப்படி ஒன்றிரண்டு நானே வைத்திருக்கிறேன், தனித் தட்டில்.

4 பிப்ரவரி

பழைய வாகனக் கண்காட்சியான ரெட்ரோமொபில் பார்த்துவிட்டு வந்தேன். பாரிஸின் போர்த் து வெர்சாய் அரங்கில் மாடல் விற்கும் மேஜைகளும் உண்டு. ஒரு மேஜையில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் எச் வேன் மாடலைக் கையில் எடுத்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, "இது காலி வண்டி" என்று வைத்துவிட்டார். காரேஜில் வேலை பார்த்தவராம். ஏன் என்று கேட்டதற்கு, "டயரும் ஜாக்கியும் ஏற்றினால் பின்பக்கம் இப்படியா நிற்கும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வண்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அத்தனையும் மட்டமாக நிற்கின்றன. கேரியரில் எட்டு டயர், உள்ளே கருவிப்பெட்டி, ஆனால் ஸ்பிரிங் ஒரு துளியும் தாழவில்லை. 1/43இல் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 4.3 செ.மீ. பின் சக்கர அச்சு உட்காரும் இடத்தை அரத்தால் ஒரு மி.மீ. இழைத்தால் போதும். இன்று ஒரு எஸ்டாஃபெட்டில் செய்தேன். அடித்தட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, அச்சு உட்காரும் பள்ளத்தை ஆழமாக்கி, மூடினேன். வண்டிக்கு எடை வந்துவிட்டது. மட்கார்டுக்குள் டயர் கொஞ்சம் மறைகிறது, முகம் லேசாக மேலே பார்க்கிறது. இதற்கு முன் நான் செய்த எந்த மாற்றமும் இவ்வளவு வித்தியாசம் காட்டவில்லை.

5 பிப்ரவரி

கேரியர் டயர் பற்றி: நிஜத்தில் 60 செ.மீ. டயர் என்றால் 1/43இல் 14 மி.மீ. ஆணி டயர் என்று சொல்லி மணல் மணலாகப் புள்ளி வைத்து விற்கிறார்கள், அந்த அளவுக்கு ஆணி நிஜத்தில் கட்டைவிரல் பருமன் ஆகிவிடும். ஆணி தெரியாமல் இருப்பதே சரி. டயர் பக்கத்தில் பலப்பத்தால் ஒரு வெள்ளைக் குறி போடுங்கள், எந்தக் காருக்கு எந்த டயர் என்று மெக்கானிக் குறித்தது போல.

11 பிப்ரவரி

பிரெஞ்சுப் பந்தய அணியான லிஜியேயின் வேன் ஏன் வெறும் நீலமாக வருகிறது என்ற கேள்வி. லிஜியே காருக்கு ஜித்தான் சிகரெட் விளம்பரம். பிரான்சில் 1991இல் வந்த எவின் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. மாடலும் அதில் சிக்கும் என்று கம்பெனிகள் அந்த எழுத்தை விட்டுவிட்டு வண்டியைத் தருகின்றன. தனியார் அச்சடித்த டெக்காலை வாங்கி ஒட்டிக்கொள்பவர்கள் பலர். நான் ஒட்டுகிறேன். 1970களின் பாதைகளில் அந்தப் பெயர் எங்கும் இருந்தது, அலமாரியில் அதை அழித்தால் எனக்கு அந்தக் காலம் அரைகுறையாகத் தெரிகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேண்டாம் என்று விடுபவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

12 பிப்ரவரி

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: 1/18 அழகுதான், ஆனால் எச் வேன் ஒன்றே 24 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட ஒரு சாண். நான்கு வேனில் தட்டு நிறைந்துவிடும். 1/24இல் எப்ரோவின் எச் வேன், ஹெல்லரின் எஸ்டாஃபெட் இரண்டும் நாமே கோக்கும் பிளாஸ்டிக் தொகுப்புகள், கை பழகியவர்களுக்கு நல்ல விருந்து. தொடக்கத்துக்கு 1/43. அந்த அளவு ஓ கேஜ் பொம்மை ரயிலிலிருந்து வந்தது, அதனால் அறுபது எழுபது வருஷத்துப் பொம்மைகளும் இன்றைய மாடலும் ஒரே தட்டில் பொருந்தும்.

பழைய நோரெவ் பிளாஸ்டிக் வண்டிகளை வாங்கும்போது தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள். அந்தக் கால ரோதியாலித் பிளாஸ்டிக் வருஷம் போகப் போக முறுக்கிக்கொள்ளும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாது.

ஒரே ஒரு வேன் வாங்குவதானால் எது என்றால், எல்லோரும் எச் என்பார்கள். நான் பெஜோ ஜே7 சொல்வேன். 1965இலிருந்து 1980 வரை செய்தார்கள், முன்சக்கர ஓட்டம், தாழ்ந்த தரை, கேபின் கதவு பக்கவாட்டில் நகரும். மலைப்பாதையில் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் இறங்கி வேலை பார்க்கலாம். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு முந்தைய டி4 வேனுக்கு மூக்கு துருத்திக்கொண்டு பன்றிமூக்கு என்றே பெயர் வந்தது, அதற்கு ரசிகர்கள் அதிகம். ஜே7 பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கான வண்டி.

13 பிப்ரவரி

இரவெல்லாம் யோசித்தேன், எச் வேனையும் சேர்த்தே வாங்குங்கள். ஜே7 முதலில்.

20 பிப்ரவரி

சித்ரோயன் அணி பற்றிப் பேச்சு வந்ததால் இது. சித்ரோயன் பந்தயப் பிரிவை நடத்திய ரெனே கொத்தோன் 1971இல் இறந்த பிறகு அவர் மனைவி மார்லேன் கொத்தோன் பொறுப்பேற்றார். ஒரு கார் கம்பெனியின் பந்தய அணிக்கு ஒரு பெண் தலைமை என்பது அந்த நாளில் கேள்விப்படாதது. அந்த ஆண்டுகளின் டிஎஸ், எஸ்எம் கார்களுக்கு மாடல் தாராளமாகக் கிடைக்கிறது. 1971 மொராக்கோ ரேலியை ஜெயித்த எஸ்எம் என்னிடமும் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிறுத்த வேன் இல்லை. மிஷ்லின் அப்போது சித்ரோயனின் சொந்தக்காரர், எனவே டயர் ஏற்றிய வண்டி ஒன்றைச் சரியாகச் செய்து நிறுத்த ஆசை. ஒற்றைக் கண்ணாடி எச் வேன் ஒன்றைக் கழற்றி, பெயின்ட் உரித்து வைத்திருக்கிறேன்.

எனக்குத் தேவை அந்த அணி வேனின் பக்கவாட்டுப் படம், 1969க்கும் 1973க்கும் இடையில். ரேலிப் படங்களில் பின்னணியில் அரைகுறையாக நின்றாலும் போதும், மட்கார்டும் எழுத்தின் உயரமும் தெரிந்தால் அளவு எடுத்துக்கொள்வேன். யாரிடமாவது பழைய பத்திரிகை இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். கருப்பு வெள்ளை பரவாயில்லை.